‘ஸ்டாண்டர்ட் ஃபார்மட்தான், கையெழுத்துப் போடுங்க!’ - இப்படிச் சொல்லும் வக்கீலாக எத்தனை நாள் இருப்பது?

திருப்பூரில் பிரின்டிங் யூனிட் நடத்தும் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைப் பார்க்க வந்தார். பனியன் துணியில் பிரின்ட் போட்டுத் தரும் ஜாப் ஒர்க் தொழில். வடக்கே உள்ள ஒரு கம்பெனி அவருக்கு 11 லட்ச ரூபாயை எட்டு மாதமாகத் தராமல் இழுத்தடித்துக் கொண்டிருந்தது. பில், டெலிவரி சலான், வாட்ஸ்அப் மெசேஜ் என்று எல்லாவற்றையும் ஃபைல் போட்டு எடுத்து வந்திருந்தார்.

“கேஸ் போட்டரலாங்களா வக்கீல் சார்? பேப்பர் எல்லாம் பக்காவா இருக்குதுங்க.”

பர்ச்சேஸ் ஆர்டரைப் பின்பக்கம் திருப்பினேன். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் 22 ஷரத்துகள். 19-வது ஷரத்து இப்படிச் சொன்னது: எந்தத் தாவா வந்தாலும் நடுவர் மூலம்தான் தீர்க்க வேண்டும், நடுவர் மன்றத்தின் இடம் குருகிராம், நடுவரை கம்பெனியின் மேலாண் இயக்குநரே நியமிப்பார். 11 லட்சத்துக்காக குருகிராம் போய்வரும் செலவையும், அங்கே வக்கீல் வைக்கும் செலவையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். முகம் மாறியதை அவரும் கவனித்துவிட்டார்.

“இதை முன்னாடியே யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“காட்டினேனுங்க. எங்க ஊர்லயே ஒரு வக்கீல்கிட்ட. ஸ்டாண்டர்ட் ஃபார்மட்தான், கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னாருங்க.”

அந்த வக்கீல் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தகுதியும் இல்லை. தொழிலுக்கு வந்த முதல் ஐந்தாறு ஆண்டுகளில் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். முன்பக்கத்தில் விலை, அளவு, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பின்பக்கம் என்பது எல்லோரும் போடுவது, யாரும் படிக்காதது. எனக்கு அப்படித்தான் பழக்கம்.

பிரச்சினை இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கிறோம். முன்மொழிவு, ஏற்பு, மறுபயன், பிரிவு 10, பிரிவு 23 எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஆனால், ஒரு ஒப்பந்தம் ‘செல்லுமா, செல்லாதா’ என்பதுதான் அந்தப் படிப்பு. கட்சிக்காரர் கேட்பது வேறு: ‘எனக்குப் பணம் வருமா, எந்த ஊர்ல போய் வாங்கணும், எத்தனை வருஷம் ஆகும்?’ இதற்குப் பதில் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படிக்க நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளில் ஆவணங்கள் எழுதும் பயிற்சி கட்டாயப் பாடம். மனு வரைவில் 15 பயிற்சி, ஒப்பந்தம் உள்ளிட்ட பத்திர வரைவில் 15 பயிற்சி என்று கணக்கும் இருக்கிறது. நடப்பது என்ன? சீனியர் செட் மாணவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, பெயரை மட்டும் மாற்றி எழுதிக் கொடுப்பது. (நானும்தான்.) ஃபார்மட்டைப் பார்த்துக் காப்பியடிக்கும் பழக்கம் கல்லூரி ரெக்கார்டு நோட்டிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஒரு வரியால் போன 14 ஆண்டுகள்

பின்பக்கத்தை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம சேலமே சாட்சி. 1974-ல் சேலத்தைச் சேர்ந்த ஏ.பி. ஏஜென்சீஸ் நிறுவனம், குஜராத்தின் ஏ.பி.சி. லேமினார்ட் நிறுவனத்திடம் ஜரிகை நூல் வாங்க ஒப்பந்தம் செய்தது. தகராறு வந்ததும் சேலம் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: இந்த விற்பனையில் எழும் தாவாக்கள் கைரா அதிகார வரம்புக்கு உட்பட்டவை. கைரா என்பது குஜராத்தில் உள்ள ஊர்.

சேலம் நீதிமன்றம் ‘எனக்கு அதிகாரம் இல்லை’ என்றது. சென்னை உயர் நீதிமன்றம் ‘இருக்கிறது’ என்றது. குஜராத் நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. ‘மட்டும்’ என்ற பொருள் தரும் எந்தச் சொல்லும் அந்த வரியில் இல்லை. கைராவைச் சொன்னதாலேயே சேலத்தைத் தெளிவாக விலக்கியதாகச் சொல்ல முடியாது என்று 1989-ல் தீர்ப்பு வந்தது. சேலம் நிறுவனம் ஜெயித்தது. ஜெயித்து என்ன கிடைத்தது? வழக்கை சேலத்தில் நடத்தலாம் என்ற அனுமதி. போட்ட வழக்குக்கு அதற்குள் 14 வயது.

இதைப் படித்த ஜூனியர், ‘மட்டும் என்ற சொல் இல்லையா, அப்ப நம்ம ஊர்லயே கேஸ் போடலாம்’ என்று மனப்பாடம் செய்துகொண்டால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2013-ல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில், ‘கொல்கத்தா நீதிமன்றங்களின் அதிகார வரம்புக்கு உட்பட்டது’ என்ற வரியை உச்ச நீதிமன்றம் பார்த்தது. அதிலும் ‘மட்டும்’ இல்லை. ஆனால், ஒரு ஊரைக் குறிப்பிட்டு எழுதியதே மற்ற ஊர்களை விலக்கத்தான் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஏறக்குறைய ஒரே மாதிரி வரி, 24 ஆண்டு இடைவெளியில் இரண்டு முடிவு. பழைய ஃபார்மட்டை அப்படியே எடுத்துப் போடுகிறவருக்கு, அது எந்தத் தீர்ப்புக்கு முன்னால் எழுதப்பட்டது என்பதே தெரியாது.

சரி, திருப்பூர்க்காரர் கதைக்கு வருவோம். 19-வது ஷரத்தை மூன்று துண்டாக வெட்டிப் படிக்க வேண்டும்.

முதல் துண்டு, நடுவர் நியமனம். வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ளவர் தனி நடுவரைத் தன்னிஷ்டத்துக்கு நியமிக்க முடியாது என்று 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, மேலாண் இயக்குநர் நியமிப்பது அடிபடும். ஆனால் ‘நடுவரிடம்தான் போகணும்’ என்ற சம்மதம் அப்படியே நிற்கும். அடுத்த துண்டு, குருகிராம். அதை நடுவர் மன்றத்தின் இடமாக எழுதிவிட்டால், நடுவரை நியமிக்கச் சொல்லிப் போவதற்கும் அந்தப் பகுதி உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ‘ஷரத்தே செல்லாதுங்க’ என்று கட்சிக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இங்கே வழக்குப் போட்டால் மாட்டிக்கொள்வோம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த துண்டு. ஷரத்தில் எழுதாமல் விட்ட துண்டு அது.

“உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்குதா?”

“பேங்க் லோனுக்காக எடுத்தது இருக்குதுங்க. நாலு வருஷம் ஆச்சு. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

நிறையவே இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. பிரிவு 18 இன்னும் முக்கியம்: வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், சப்ளை செய்தவர் இருக்கும் பகுதியின் வசதியாக்கக் கவுன்சிலிலேயே மனுப் போடலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி நடுவர் ஷரத்து இருந்தாலும் இந்தச் சட்டம்தான் மேலோங்கும் என்று 2022-ல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதே தீர்ப்பு, ஒப்பந்தம் போடும் நாளிலேயே பதிவு இருந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதனால்தான் ‘எப்ப எடுத்தீங்க’ என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வியை எந்த ஃபார்மட்டும் கேட்காது. ஏஐ-யிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் பத்துப் பக்க அக்ரிமென்ட் வந்துவிடுகிறது. அதை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பேங்க் லோனுக்காக எடுத்த ஒரு சர்டிஃபிகேட் பீரோவில் இருப்பது, எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்குத்தான் தெரியவரும்.

‘பாண்ட் போட்டுட்டேன் சார்…’

ஐடி துறை இளைஞர்கள் அடிக்கடி கேட்பது இது. “ரெண்டு வருஷ பாண்ட் சார், ரிசைன் பண்ணா கேஸ் போடுவாங்களா?” பாதி வக்கீல்கள் ‘பிரிவு 27 இருக்கு, பாண்டே செல்லாது, போப்பா’ என்பார்கள். மீதிப் பேர் ‘கையெழுத்துப் போட்டுட்டியே’ என்று பயமுறுத்துவார்கள். இரண்டுமே அரைகுறை.

வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று எழுதினால் அது பிரிவு 27-ல் அடிபடும். குறிப்பிட்ட காலம் வேலை செய், இல்லையேல் இவ்வளவு பணம் கட்டு என்பது வேறு சங்கதி. விஜயா வங்கி வழக்கில் 3 ஆண்டு வேலை அல்லது 2 லட்ச ரூபாய் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. புதிதாக ஆள் எடுக்க ஒரு பொதுத் துறை வங்கிக்கு ஆகும் செலவு அங்கே எடுபட்டது. அதற்காக எல்லா கம்பெனியும் இஷ்டத்துக்கு 10 லட்சம் என்று எழுதிக்கொள்ள முடியாது. பிரிவு 74-ன்படி எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுவே கிடைக்கும்.

கம்பெனிக்காக பாண்ட் எழுதும் ஜூனியர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: அந்தத் தொகை எப்படி வந்தது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுது. பயிற்சிக்கு இவ்வளவு, மாற்று ஆளுக்கு இவ்வளவு. கணக்கு எழுத முடியவில்லை என்றால், அந்தத் தொகை மிரட்டுவதற்காகப் போட்டது என்று உனக்கே தெரிந்துவிடும்.

முத்திரைத் தாள் பற்றியும் ஒரு வார்த்தை. முத்திரைத் தீர்வை குறைவாகச் செலுத்திய ஒப்பந்தம் செல்லாத காகிதம் ஆகிவிடாது, அது சரிசெய்யக்கூடிய குறைதான் என்று 2023 டிசம்பரில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது. ‘அப்பாடா’ என்று விட்டுவிட வேண்டாம். சரிசெய்யும்வரை அதைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். குறைந்த தொகையோடு அதைப் போல 10 மடங்கு வரை அபராதமும் கட்ட நேரலாம்.

கல்லூரிகள் என்ன செய்யலாம்? அந்த 15 பயிற்சிகளில் பாதியையாவது ஃபார்மட் எழுதுவதிலிருந்து மாற்றலாம். தோற்றுப்போன ஒப்பந்தங்களைக் கையில் கொடுத்து, ‘எந்த வரியில் தோற்றது, நீ எப்படி எழுதியிருப்பாய்?’ என்று கேட்கலாம். தீர்ப்புகளிலேயே அந்த வரிகள் அப்படியே கிடைக்கின்றன, செலவே இல்லை. சீனியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஜூனியரிடம் ‘பழைய அக்ரிமென்ட்ல பேரை மாத்திக் கொண்டு வா’ என்று சொல்வதை நிறுத்துங்கள். கட்சிக்காரர் பேசும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

திருப்பூர்க்காரரின் மனு கவுன்சிலில் நிலுவையில் இருக்கிறது. போன வாரம் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. புது ஆர்டர், இன்னும் சீல் வைக்கவில்லை. கீழே வாய்ஸ் மெசேஜ்: “பின்பக்கம் மட்டும்தான் அனுப்பியிருக்கறனுங்க சார். முன்பக்கமும் வேணுங்களா?”