கணிப்பொறி மாறும்போது

வீடு மாறுகிறவர்கள் சாமான்களை ஏற்றிய பின்னும், மூலை முடுக்குகளை ஒருமுறை பார்த்துவிட்டே கதவைப் பூட்டுவார்கள். கணிப்பொறி மாற்றும்போது இந்த எச்சரிக்கை நம்மில் பலருக்கு இருப்பதில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிவுற்றது. பழைய பொறிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி அற்றவை. ஆதலால் பருத்திப்பட்டு, ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களிலும் இல்லங்கள், பங்கு அலுவலகங்கள், அழைப்பிதழ் அச்சிடும் சிறு கடைகள் ஆகியவற்றில் புதிய பொறி வாங்கும் தேவை எழுந்துள்ளது. முன்பு விலைகொடுத்து வாங்கிய மென்பொருளின் கதி என்ன என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். நாம் வாங்கியது குறுந்தகட்டை அன்று; பயன்படுத்தும் உரிமையையே வாங்கினோம். அவ்வுரிமைக்குச் சான்று, உறையில் அச்சிட்ட வரிசை எண்ணும் கடைக்காரர் தந்த ரசீதுமே. தனியாக வாங்கிய மென்பொருளைப் பெரும்பாலும் புதிய பொறிக்கு மாற்றிக்கொள்ளலாம். பொறியோடு சேர்ந்தே வந்ததோ அப்பொறியோடு முடிந்துவிடுவதே வழக்கம். இத்தனை பொறிகளுக்கு மட்டும் என்று வரம்பிட்ட மென்பொருளாயின், பழைய பொறியில் அதன் பதிவை நீக்கிய பின்னரே புதியதில் நிறுவ வேண்டும். மென்பொருளின் காப்புப்படி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ள, முறையாக வாங்கியவருக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இன்றைய பொறிகள் பலவற்றில் குறுந்தகடு செருகும் இடமே இல்லையாதலால், இக்காப்புப்படி மிகவும் தேவையானது.

உரிமை இருந்தும் மென்பொருள் இயங்காமற்போவதுண்டு. விண்டோஸ் 11 முழுவதும் 64 பிட் அமைப்பு; 16 பிட் முறையில் எழுதப்பட்ட பழைய மென்பொருள் அதில் நேராக இயங்காது. சில மென்பொருள்கள் நிறுவனத்தின் சேவையகத்தில் பதிவு பெற்றால்தான் திறக்கும். அச்சேவையகம் மூடப்பட்டால் சரியான எண் இருந்தும் பயனில்லை. அடோபி நிறுவனம் 2005-இல் வெளியிட்ட சி.எஸ்.2 தொகுப்பின் பதிவுச் சேவையகம் 2012-ஆம் ஆண்டின் முடிவில் மூடப்பட்டபோது, வாங்கியவர்களுக்காகப் பதிவு தேவைப்படாத படியை அந்நிறுவனமே வழங்கியது. எல்லா நிறுவனங்களும் இவ்வாறு செய்யும் என்று எதிர்பார்த்திருக்க இயலாது.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு இடர் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைத்த திருமண அழைப்பிதழும், பங்கின் விழா மலரும், தாத்தா எழுதி வைத்த குடும்ப வரலாறும், அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். பல அச்சகங்கள் நம்பியிருந்த பேஜ்மேக்கரோ 2001-இல் வெளிவந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. ஆகவே பழைய பொறி உயிரோடிருக்கும்போதே மூன்று காரியங்களைச் செய்து முடிப்பது நலம். எழுத்துருக் கோப்புகளைத் தனியே படியெடுத்து வைக்க வேண்டும். பக்கங்களைப் பி.டி.எஃப். வடிவில் சேமிக்க வேண்டும். எழுத்துக்களை எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடு முறைக்கு மாற்றி, ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். 1991-இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்தது யூனிகோடு; 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றது. அம்முறையில் உள்ள எழுத்து எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் நம்பி வாழ்வதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, பூட்டுடைத்த படியை யாரோ இலவசமாகத் தருகிறாரே என்று சிலர் கேட்கக்கூடும். அத்தகைய படிகளோடு தீய நிரல்கள் ஒட்டிவந்து, கணக்குகளையும் கடவுச்சொற்களையும் கவர்வதுண்டு. அது ஒருபுறமிருக்க, பிறர் உழைப்பின் பயனை விலையின்றி எடுத்துக்கொள்வது ஏழாம் கட்டளைக்கு உட்பட்ட குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோர், அவர்கள் கண்முன் அதைச் செய்யலாகாது. பணம் இல்லையெனில் நேர்மையான வழி இல்லாமற்போகவில்லை. லிப்ரே ஆபீஸ் போன்றவை முறையாகவே இலவசமாகக் கிடைக்கின்றன.

புதிய பொறியில் எல்லாக் கோப்புகளும் திறக்கின்றனவா என்று பார்த்து உறுதி செய்யும் வரை பழையதை விற்கவோ அழிக்கவோ வேண்டாம். இணைய இணைப்பைத் துண்டித்து ஓரமாக வைத்திருங்கள். வரிசை எண்களை ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பொறியும் மென்பொருளும் காலத்தால் கழிந்துபோம். தாத்தாவின் எழுத்தைப் பேரன் வாசிக்க வேண்டுமாயின், அதற்கான வேலையை இன்றே தொடங்குவோம்.