நியமிக்கும் கையும் நீக்கும் கையும்

நகராட்சியின் சுகாதார அதிகாரி யாருக்குக் கட்டுப்பட்டவர்? ‘சம்பளம் கொடுக்கும் மன்றத்துக்கே’ என்று நம்மில் பலர் தயங்காமல் விடை பகர்கின்றனர். அவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை. இப்பதவி பிறந்த இங்கிலாந்தின் வரலாறே அதை மறுக்கிறது.

1847 ஜனவரி முதல் நாள், லிவர்பூல் நகரம் டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கனைச் சுகாதார மருத்துவ அதிகாரியாக அமர்த்தியது. அந்நாட்டில் இத்தகைய முதல் நியமனம் அதுவே. ஆண்டுக்கு 300 பவுன் ஊதியம்; அதுவும் பகுதிநேரப் பணி. அவ்வாண்டிலேயே பஞ்சத்துக்குத் தப்பிய ஐரிஷ் மக்கள் இலட்சக்கணக்கில் அத்துறைமுகத்தில் வந்திறங்கினர்; காற்றும் வெளிச்சமும் புகாத நிலவறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தனர். டைபஸ் காய்ச்சல் அவர்களைக் கொன்று குவித்தது. அதன் பிறகே, 1848இல், பணி முழுநேரமாயிற்று. ஊதியம் 750 பவுனாயிற்று. (பிணம் விழாமல் மன்றங்களுக்குக் காது கேட்பதில்லை போலும்!)

1872ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்து எங்கும் இப்பதவியைக் கட்டாயமாக்கியது. ஆனால் நடந்தது என்ன? பல ஊர்களில் அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வேலை. சாக்கடை வசதியற்ற வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவரே மன்ற உறுப்பினர். அவ்வீட்டைப் பற்றி அறிக்கை எழுத வேண்டியவரோ அவருடைய வாக்கால் வேலையில் நீடிப்பவர். பேனா எப்படி ஓடும்? அமைச்சரின் இசைவின்றி மருத்துவ அதிகாரியை நீக்கவியலாது என்ற காப்பு நாடு முழுமைக்கும் வர 1921ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

‘ஊரார் தேர்ந்தெடுத்த மன்றத்தின் உரிமையைத் தலைநகரம் பறிப்பதா?’ என்று வாதிடுவோர் உண்டு. நியமிக்கும் உரிமை மன்றத்துக்கு இருக்கட்டும். கணக்குக் கேட்கும் உரிமையும் இருக்கட்டும். உண்மையை எழுதியதற்காக நீக்கும் உரிமையைத்தான் நாம் மறுக்கிறோம். அது மன்றத்துக்கும் ஆகாது, அமைச்சருக்கும் ஆகாது.

1974இல் அப்பதவியை ஒழித்த இங்கிலாந்து, 2013இல் ‘பொதுச் சுகாதார இயக்குநர்’ என்ற பெயரில் அப்பொறுப்பை மன்றங்களிடமே திருப்பித் தந்தது. நியமனத்தில் அமைச்சருக்கும் பங்குண்டு. நீக்குவதற்கோ, அவரைக் கலந்தாலோசித்தால் போதுமாம்! இசைவு எங்கே, ஆலோசனை எங்கே? அமைச்சர் வேண்டாமென்றாலும் மன்றம் நீக்கிவிடலாமே!

எனினும் அச்சட்டத்தில் ஒன்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். இயக்குநர் ஆண்டறிக்கை எழுதியாக வேண்டும். மன்றம் அதை வெளியிட்டாக வேண்டும். பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வழியில்லை. நம் தெருக் குழாய்நீரின் சோதனை முடிவையும், காய்ச்சல் கண்டோரின் தொகையையும் அவ்வாறே ஆண்டுதோறும் அச்சிட்டு, வார்டு வாரியாக ஊராரின் கையில் கொடுக்குமாறு நம் நகராட்சிகளை நாமும் கேட்க வேண்டும்.