எது சாயம்?

2025-ஆம் வருஷக் கோடையில் நம் மகாஜனங்கள் தர்ப்பூசணியைக் கண்டு பயந்தார்கள். பழத்துக்குள் ஊசி போட்டுச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்களாம்! யார் பார்த்தது? பார்த்தவரைப் பார்த்தவர்கள்தாம் ஏராளமாக இருந்தார்கள். விலை சரிந்தது. விளைவித்தவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நான் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். சென்னைச் சாலை ஓரத்துக் கீற்றுக் கொட்டகைகளில் பழங்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. காரில் போனவர்கள் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. மூன்று பழங்களைச் சுமந்துகொண்டு நான் வாசற்படி ஏறியதும் அத்தான் பதறிப்போனார்.

"ஏம்ப்பா, நீ பேப்பரே படிக்கிறதில்லையா? குழந்தைங்க இருக்கிற வீடு!"

சொன்னவர் கையில் ரொட்டி. ரொட்டியின் மேல் ரத்தச் சிவப்பாய்க் கடை ஜாம். பாட்டிலை எடுத்துப் படித்தேன். முதலில் சர்க்கரை, அப்புறம் பழக்கூழ், பப்பாளி வாழை வகையறா, கடைசியில் பொடி எழுத்தில், அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம், எண் 122. கார்மோசின் என்று அதற்குப் பெயர்.

சட்டப்படி குற்றமில்லை ஐயா. 45 சதவிகிதம் பழம் இருந்தால் அது ஜாம். நிறத்துக்கும் அளவு வைத்து அனுமதி உண்டு. அது விஷம் என்று வாதாட நான் வரவில்லை. நான் கேட்பது வேறு. 'சாயம் கலந்திருக்கிறது' என்று பாட்டிலே ஒப்புக்கொள்கிறது. அதைக் குழந்தைக்குத் தடவிக் கொடுக்கிறோம். தர்ப்பூசணியின் சிவப்போ தக்காளியில் இருக்கிற அதே லைக்கோபீன், அதைச் சந்தேகிக்கிறோம். அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தால் சாயமும் யோக்கியம். மண் ஒட்டியிருந்தால் பழமும் குற்றவாளி! இது எந்த ஊர் நியாயம்?

அத்தானோடு வாதாடிப் பிரயோஜனமில்லை. அக்கா அரிவாள்மணையை எடுத்துப் போட்டாள். சிவப்புச் சதை குழந்தைகளின் வயிற்றுக்குப் போயிற்று. பழத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். அதைக் காய்ச்சி முடிப்பதற்குள் விடிந்துவிடும். நாம் மாட்டுக்கு வீசுகிற வெள்ளைப் பகுதியைத்தான் அக்கா துருவினாள். ஜாம் உறையப் பெக்டின் வேண்டும், புளிப்பும் வேண்டும். ஒன்றுக்குச் சற்றே காயான கொய்யா, மற்றதற்கு எலுமிச்சம்பழம். கிலோ விழுதுக்கு முக்கால் கிலோ சர்க்கரை. இங்கே 'சர்க்கரையைக் குறைக்கக் கூடாதா?' என்று கேட்கிற ஆரோக்கியப் பண்டிதர்களுக்கு ஒரு வார்த்தை: ஜாமில் சர்க்கரை ருசிக்கு மட்டுமல்ல, காவலுக்கும். மனம்போனபடி குறைத்தால் உங்களுக்கு முன்னால் பூஞ்சை சாப்பிட்டுவிடும்.

பெரியவள் கை கடுக்கக் கிளறினாள். பாட்டில்களைக் கொதிநீரில் போட்டு எடுத்தது நான். தட்டில் விட்ட சொட்டு, தட்டைச் சாய்த்தும் ஓடாமல் நின்றது. சுடச்சுட ஊற்றி மூடினோம்.

"கடையில் இதைவிட மலிவு" என்றார் அத்தான், கேஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு. மலிவுதான், மறுக்கவில்லை. அந்தக் கணக்கில் சாலையோரத்துக் குவியலுக்கு எந்தப் பத்தி? "ஜாம் என்ன நம்ம பண்டமா?" என்று அடுத்த அஸ்திரம். பழத்தை இனிப்பில் போட்டுக் காப்பாற்றுகிற வித்தை, பழநிப் பஞ்சாமிர்தம் தின்ற நாக்குக்குப் புதிதா?

இதற்கெல்லாம் எனக்குப் பதில் இருந்தது. சின்னவள் கேட்டதற்குத்தான் இல்லை. வெளுத்த தேன் நிறத்தில் இருந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "மாமா, இது ஜாம் இல்ல. ஜாம்னா செவப்பா இருக்கும்."

ஏழு வயசுப் பெண். யாரைக் கோபித்துக்கொள்வது?

மறுநாள் பஸ்ஸில் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். கொட்டகையில் குவியல் அப்படியே இருந்தது. அடியில் இருந்த பழங்களில் ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது.