ஒன்பது கியூபிட்டில் ஒரு புழுத்துளை

‘விஞ்ஞானிகள் புழுத்துளையை உருவாக்கிவிட்டார்கள்!’ 2022 நவம்பர் கடைசியில் இப்படி ஒரு செய்தி ஓடியது, ஞாபகம் இருக்கிறதா? பிரபஞ்சத்தின் இரண்டு மூலைகளை இணைக்கும் சுரங்கப்பாதை கலிபோர்னியாவில் திறந்தாகிவிட்டது என்று நீங்கள் நம்பியிருந்தால், தப்பு உங்கள் மேல் இல்லை.

நடந்தது இதுதான். கூகுளின் சிக்கமோர் குவான்டம் சிப்பில், ஒன்பது கியூபிட்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். சாதாரண லேப்டாப்பே போட்டுவிடும் கணக்கு. அதுவும் இரண்டே பரிமாண உலகத்துக்கானது. அங்கே முன்னே போகலாம், பின்னே போகலாம், காலம் ஓடும். அவ்வளவுதான். மேலே, கீழே, பக்கவாட்டில் என்பதெல்லாம் கிடையாது. நாம் குடியிருப்பது அங்கே இல்லை சார்!

இருபரிமாண ஈர்ப்பை நான் கேலி செய்யவில்லை. ஐன்ஸ்டைனின் சமன்பாடு அங்கே வாயே திறக்காது. 1980களில் ஜாக்கீவ், டைட்டல்பாய்ம் இருவரும் கூடுதலாக ஒரு புலத்தைச் சேர்த்து அதற்கு உயிர் கொடுத்தார்கள். அந்தக் குட்டி உலகத்திலும் கருந்துளை உண்டு. நிஜக் கருந்துளையில் முட்டி நிற்கிற பல கணக்குகளை இங்கே முழுசாகப் போட்டுப் பார்க்க முடிகிறது. டெல்லியில் பிறந்த சுபிர் சச்தேவும் ஜின்வூ யேயும் 1993ல், கருந்துளையை நினைக்காமலே, காந்தங்களுக்காக ஒரு மாதிரியை எழுதினார்கள். 2015ல் அலெக்சி கிடேவ் அதைத் தூசி தட்டி, கொஞ்சம் எளிமையாக்கினார். நன்றாகக் குளிர்ந்த நிலையில் அந்தத் துகள் கூட்டமும் இருபரிமாணக் கருந்துளையும் ஒரே சமச்சீர்மைக்குக் கட்டுப்படுகின்றன! இதுதான் நிஜமான ஆச்சரியம். இதை எவனும் தலைப்பில் போடவில்லை.

சிப்பில் ஏறியது கிடேவின் மாதிரிகூட இல்லை. 210 உறுப்புகள் கொண்ட கணக்கை மெஷின் லேர்னிங் மூலம் ஐந்தாகச் சுருக்கினார்கள். அந்த ஐந்தும் ஒன்றோடொன்று மோதாத சாதுக்கள். கருந்துளை மாதிரி தகவலைக் கலக்கியடிக்குமா என்று கோப்ரின், ஷூஸ்டர், யாவ் மூவரும் 2023 பிப்ரவரியில் கேட்டார்கள். ஆய்வுக் குழுவும் பதில் கொடுத்தது. அது விஞ்ஞானிகள் சண்டை, நல்ல சண்டை.

என் சண்டை ‘உருவாக்கினார்கள்’ என்கிற வார்த்தையோடு. நான் பி.காம். படித்தவன். பயிற்சிக் கணக்கில் எங்கள் கற்பனைக் கம்பெனி லட்ச லட்சமாக லாபம் காட்டும். அந்த லாபத்தை பாங்கில் கட்ட முடியுமா?

குவான்டா இதழ் பிறகு தன் தலைப்பைத் திருத்தியது. சரி, என்றைக்காவது நிஜப் புழுத்துளையே அகப்பட்டால், அதற்கு என்ன தலைப்பு மிச்சம் வைத்திருக்கிறார்கள்?