சூலம் பார்த்தால் சுனாமி நிற்குமா?

தோழர்களே! பெண்டு பிள்ளைகளோடு அந்தமான் கடற்கரைக்குப் புறப்படுகிறவர் முதலில் பார்ப்பது என்ன? பஞ்சாங்கம்! மே மத்தியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். கடல் கொந்தளித்தால் தீவுக்குத் தீவு போகும் படகு நின்றுவிடும். இதை விசாரிப்பதில்லை. திங்களும் சனியும் கிழக்கே சூலமாம்! அந்நாட்களிலும் சென்னையிலிருந்து அங்கே விமானம் போய்க்கொண்டுதானே இருக்கின்றது? எவரைச் சூலம் குத்திற்று?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சாஸ்திரப்படி கிழக்கே சூலமில்லை. அன்றுதான் சுனாமி அத்தீவுகளில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. எந்த ஜோசியன் எச்சரித்தான்? 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் வைத்தது விஞ்ஞானமா, பஞ்சாங்கமா?

ஆகவே, வானிலை அறிக்கையைப் படியுங்கள். முதலை உண்டென்று பலகை வைத்த நீரில் இறங்காதீர்கள். பரிகாரத்துக்குத் தண்டம் அழும் பணத்தில் குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். ஜோசியனின் தட்சணை பெரிதா, பிள்ளையின் உயிர் பெரிதா? யோசித்துப் பாருங்கள்!