பாட்டைக் காணவில்லை

"இஞ்சருங்கோ, சத்தமெல்லாம் கேக்குது, பாட்டைத்தான் காணேல்லை."

சென்ற மாதம் ஓர் இரவு, விறாந்தையிலே கிற்றாரும் கையுமாக அமர்ந்திருந்த நமக்கு இல்லாள் வழங்கிய விமரிசனம் இது. நாம் வாசித்தது, ஜெரோம் கேர்ண் என்னும் அமெரிக்கர் 1939ஆம் ஆண்டில் ஒரு நாடகத்துக்கென அமைத்த 'ஓல் த திங்ஸ் யூ ஆர்' என்னும் பாட்டு. மூன்று வாரம் இரவிரவாக இருந்து, ஒவ்வொரு சுரத்தின் கீழும் நான்கு ஐந்து சுரங்களை அடுக்கி, விரல் நோக ஒப்பேற்றியிருந்தோம். பாட்டு அவ்வடுக்கினுள் எங்கோ புதையுண்டு கிடந்தது. குற்றச்சாட்டு நியாயமானதே என்பதை மறுநாட் காலையில் ஒப்புக்கொண்டோம், அன்றிரவு ஒப்புக்கொள்ளவில்லை.

தனிக் கிற்றாரிலே பாட்டையும் அதற்குத் துணையான சுரக்கூட்டுக்களையும் ஒருங்கே வாசிக்கும் முறையை அமெரிக்க ஜாஸ் இசைஞர் 'கோட் மெலடி' என்பர். ஜாஸ் குழுவிலே பாட்டைச் சக்சபோன் எடுத்துச் செல்லும். அடிச்சுரத்தைப் பேஸ் வாத்தியம் தாங்கும். இடைப்பட்டதைப் பியானோ நிரப்பும். இம்மூவர் தொழிலையும் இடக்கையின் நான்கு விரல்களால் ஒருவரே செய்ய முனைவது பேராசைதான். அவர்கள் இதற்கு எடுத்துக்கொள்ளும் பாட்டுக்கள் 'ஸ்டாண்டர்ட்' எனப்படுபவை. பெரும்பாலும் 1920 முதல் 1950 வரை நியூயோர்க் நாடக அரங்குகளிலும் திரைப்படங்களிலும் பிறந்தவை. நாம் குறிப்பிட்ட பாட்டு இடம்பெற்ற நாடகம் 59 காட்சிகளோடு மூடுண்டது. பாட்டோ இன்றும் ஜாஸ் பயிலும் மாணாக்கரின் கையில் இருக்கின்றது.

வீணை கேட்டுப் பழகிய நம் செவிக்கு இங்கே ஒரு தடை உண்டு. வீணையின் பக்கத் தந்திகள் மூன்றும் சட்சத்தையும் பஞ்சமத்தையும் விட்டு அசையா. ஆதார சுருதி நிலம்போல நிற்க, இராகம் அதன்மேல் நடக்கும். மேலைத்தேயப் பாட்டிலோ நிலமும் சேர்ந்து நடக்கின்றது. ஒவ்வோர் அளவுக்கும் அடிச்சுரம் மாறும்; அதனோடு கூட்டும் மாறும். ஆதலின் பாட்டை மட்டும் மீட்டினால் பாதியே வாசித்ததாகும்.

1930களின் பெரிய வாத்தியக் குழுக்களிலே கிற்றாருக்குக் கிடைத்த தொழில், அளவுக்கு நான்கு முறை கூட்டுக்களைத் தட்டிக்கொண்டிருப்பதே. அக்காலத்தவரான ஜோர்ஜ் வான் எப்ஸ் அதனோடு அமையாது, தனிக் கிற்றாரைச் சிறு பியானோவாக்க முனைந்தார். ஆறு தந்தியும் போதாதெனக் கண்டு, கீழ்ச்சுரத்துக்கென ஏழாவது தந்தி பூட்டிய கிற்றார் ஒன்றை எப்பிபோன் கம்பனியாரைக் கொண்டு செய்வித்தார். நமக்கு ஆறே அதிகம்!

இத்துறையிலே நம்மை ஆட்கொண்டவர் ஜோ பாஸ். 1929இற் பிறந்து, பென்சில்வேனியாவிலுள்ள ஜோன்ஸ்ரவுண் நகரிலே உருக்காலைத் தொழிலாளி ஒருவரின் மகனாக வளர்ந்தவர். பாட்டின் சுரங்களுக்கிடையே வெற்றிடம் விடாது நிரப்புமாறு தந்தை சிறுவயதிலேயே அவரை வற்புறுத்தினாராம். பின்னர் போதைப்பொருள் அவருடைய இளமையில் ஏறக்குறையப் பத்து ஆண்டுகளை விழுங்கிற்று, சிறையும் கண்டார். 1960களின் தொடக்கத்திலே கலிபோர்னியாவில் ஒரு மறுவாழ்வு இல்லத்திற் சேர்ந்து மீண்டார். 1973இல், துணை வாத்தியம் எதுவுமின்றித் தனியே வாசித்து, 'வேர்ச்சுவோசோ' என்னும் இசைத்தட்டைப் பதிவுசெய்தார். அப்போது அவருக்கு வயது 44. ஏறத்தாழ இன்றைய நம் வயது. இந்த எண்ணம் நம்மை ஊக்குவதுமுண்டு, உறுத்துவதுமுண்டு.

நம் பாட்டும் அத்தட்டில் இருக்கின்றது. இல்லாளின் விமரிசனத்துக்குப் பின் அதை மீண்டும் மீண்டும் கேட்டோம். சிலவிடங்களில் அவர் மழைபோற் சுரங்களைப் பொழிகின்றார், உண்மையே. ஆயினும் பாட்டு வந்து நிற்குமிடத்தைக் கவனித்தபோது திகைத்தோம். ஒரு கூட்டு, பின்னர் தனிச்சுரங்கள் சில, பின்னர் அடிச்சுரம் ஒன்று, மறுபடியும் ஒரு கூட்டு. மூன்றும் ஒருங்கே ஒலிக்கும் கணம் நாம் நினைத்ததிலும் மிகக் குறைவு. வெற்றிடம் விரலிலே இருந்தது. நம் செவியில் இருக்கவில்லை. சற்றுமுன் கேட்ட அடிச்சுரத்தை மனம் தானாகவே நீட்டிக்கொள்கின்றது.

ஆகவே எதை விடுவது என்பதே கேள்வி. வகுப்பிலே ஒரு பந்தியைக் கொடுத்து மூன்றிலொன்றாகச் சுருக்கி வரையச் சொன்னால், மாணாக்கரிற் பலர் அலங்காரத்தை வைத்துக்கொண்டு பொருளைத் தள்ளிவிடுவர். இருபது ஆண்டுகளாகச் சிவப்பு மையாற் கோடிட்டு வந்த அதே பிழையை நாமும் ஆறு தந்தியிற் செய்திருந்தோம்.

முதலாவது, பாட்டின் சுரமே கூட்டின் உச்சியில் நிற்றல் வேண்டும். உச்சியில் ஒலிப்பதையே செவி பாட்டெனக் கொள்ளும். கிற்றார் ஏட்டில் எழுதியதற்கு ஒரு தாயி கீழே ஒலிக்கும் கருவி. ஏட்டிலுள்ளவாறே வாசித்தால் பாட்டு நடுத்தந்திகளிற் சிக்கிக்கொள்ளும். கீழே கூட்டுக்கு இடமிராது. ஆகையால் பாட்டை ஒரு தாயி உயர்த்தியோ சுருதியை மாற்றியோ, மேலிரு தந்திகளுக்குக் கொண்டுவருதல் நன்று.

அடுத்தது கூட்டு. ஒவ்வொரு கூட்டின் அடிச்சுரத்தையும் அதற்குச் சட்சமெனக் கொண்டால், ஜாஸ் கூட்டு பெரும்பாலும் ச, க, ப, நி என நான்கு சுரம் உடையது. பஞ்சமம் அநேகமாக எல்லாக் கூட்டிலும் ஒன்றே. அது புதிதாக எதையும் சொல்வதில்லை. எனவே முதலில் விடத்தக்கது அதுவே. காந்தாரம் சாதாரணமோ அந்தரமோ, நிடாதம் கைசிகியோ காகலியோ என்பதிலேதான் கூட்டின் குணமெல்லாம் தங்கியிருக்கின்றது. அவ்விரண்டையும் வைத்துக்கொண்டால், அடிச்சுரத்தைக்கூட ஒரோவிடத்துச் செவியின் பொறுப்பில் விட்டுவிடலாம்.

இதிலிருந்து ஜாஸ் இசைஞர் பிறப்பித்த தந்திரம் ஒன்று நமக்குப் பெருவியப்பு. இப்போது பாட்டின் சட்சத்தையே அடிப்படையாகக் கொள்வோம். பாட்டு முடியுமிடத்தில் அடிச்சுரம் ரி, ப, ச என வருதல் வழக்கம். பஞ்சமத்தின்மேல் எழும் கூட்டின் குணத்தைக் காட்டும் சுரங்கள் காகலி நிடாதமும் சுத்த மத்திமமும். சுத்த ரிஷபத்தின்மேல் எழும் கூட்டுக்கும் அவ்விரண்டுமே குணச்சுரங்கள். முறை மட்டும் மாறியிருக்கும். ஆகவே பாட்டின் சுரம் இடந்தருமாயின், பஞ்சமத்தை விட்டுச் சுத்த ரிஷபத்தை அடியில் வைத்து, சதுச்சுருதி ரிஷபம், சுத்த ரிஷபம், சட்சம் என மூன்று படியாக இறங்கலாம். பெருவிரல் சிறிதே நகர்கின்றது. பாட்டுக்கோ புது நிழல் விழுகின்றது.

இவ்வளவும் அறிந்தபின் கேர்ணின் ஏட்டைத் திரும்பப் பார்த்தபோது நாணமே மேலிட்டது. தொடக்கத்து மூன்று கூட்டுக்களின்மீதும் பாட்டு வந்து நிற்பது அவ்வக் கூட்டின் காந்தாரத்திலேயே! வேண்டிய காந்தாரத்தைப் பாட்டே பாடிக்கொண்டிருக்க, நாம் கீழே இன்னொன்று வைத்து, பஞ்சமத்தையும் திணித்து, சுண்டுவிரலை வருத்தியிருந்தோம். அடிச்சுரமும் நிடாதமும் போதும். மூன்று சுரங்களே, ஒரு விரல் ஓய்ந்திருக்கின்றது.

முதல் எட்டு அளவுகள் இப்போது ஒருவாறு தேறிவிட்டன. நடுப்பகுதியிலே பாட்டு முதலில் ஜீ சுருதிக்கும் பின்னர் ஈ சுருதிக்கும் தாவுகின்றது. அங்கே கை இன்னமும் தடுமாறுகின்றது. இல்லாளுக்கு இன்னும் வாசித்துக் காட்டவில்லை. குசினிக் கதவு சாத்தியிருக்கும் வேளை பார்த்தே பயிற்சி நடைபெறுகின்றது.