கணக்குக் கேட்டால் ஏன் கசக்கிறது?

ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்காரும் குமாஸ்தா, டூட்டி தொடங்குமுன் தன் சட்டைப் பையிலுள்ள சொந்தப் பணத்தையும் எழுதி வைக்க வேண்டும். விஜிலன்ஸ்காரர் வந்து எண்ணும்போது பத்து ரூபாய் கூடினாலும் கேள்வி, குறைந்தாலும் கேள்வி. இதற்காக நாங்கள் முணுமுணுக்கவில்லை. பொதுப்பணத்தைத் தொடுகிறவன் கணக்குச் சொல்லத்தான் வேண்டும்.

தாராவியில் நம் குடும்பங்களும் தகரப்பெட்டியைத் திறந்து காகிதம் காட்டுகின்றன. 1-1-2000க்கு முன் குடியிருந்ததற்கு அத்தாட்சி உண்டா என்கிறார்கள். இல்லையென்றால் தாராவிக்குள் இலவச வீடு இல்லை!

ஏழையின் பெட்டி திறந்து கிடக்கிறது. தலைவர்களின் பெட்டியைத் திறப்பது யார்?

இதே பம்பாயில் நடந்ததை இளைஞர்கள் அறியவேண்டும். 1981ல் ஏ. ஆர். அந்துலே மகாராஷ்டிர முதலமைச்சர். சிமெண்டுக்குப் பஞ்சமான காலம். அவர் அமைத்த அறக்கட்டளைக்கு பில்டர்கள் நன்கொடை கொடுத்தார்கள். சிமெண்ட் ஒதுக்கீடு கிடைத்தது. பத்திரிகையில் அருண் ஷோரி அம்பலப்படுத்தினார். வழக்கு பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போனது. நன்கொடைக்கும் சிமெண்டுக்கும் தொடர்பு உண்டென்று 1982 ஜனவரியில் நீதிபதி லெண்டின் தீர்ப்பளித்தார். முதலமைச்சர் நாற்காலி காலியானது. கிரிமினல் வழக்கோ 1984லும் 1988லும் சுப்ரீம் கோர்ட்வரை ஏறி இறங்கி இழுபட்டது.

வேட்பாளர்கள் சொத்துக் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று 2002 மே 2ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. உடனே என்ன செய்தார்கள்? எதற்கும் ஒத்துப்போகாத கட்சிகள் இதற்கு மட்டும் ஒன்றுகூடி, தீர்ப்பை முடக்கச் சட்டம் திருத்தின! 2003ல் அந்தத் திருத்தத்தையும் கோர்ட் தள்ளியது. வருமானம் வந்த வழியையும் சொல்லவேண்டும் என்று 2018ல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

தேர்தல் பத்திர விவகாரம் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. எந்தக் கட்சிக்கு யார் பணம் கொடுத்தார் என்பதை மறைத்த அந்தத் திட்டம் செல்லாது என்று 2024 பிப்ரவரி 15ல் தீர்ப்பு. விவரம் கொடு என்றால், நாரிமன் பாயிண்டில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஸ்டேட் பாங்க், ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. அதற்குள் பார்லிமெண்ட் தேர்தலே முடிந்துவிடும்! மார்ச் 11ல் கோர்ட் மறுத்தது. மறுநாளே விவரம் வந்தது. மாதக்கணக்கில் அவகாசம் கேட்டவர்கள் ஒரே நாளில் எப்படிக் கொடுத்தார்கள்?

“அது தலைவரின் சொந்த விஷயம்” என்று வக்காலத்து வாங்குகிறவர்களைக் கேட்கிறோம்: குமாஸ்தாவின் சட்டைப்பை மட்டும் ஊர்ப் பொதுச்சொத்தா?

தோழர்களே! தாய்மார்களே! தலைவர்கள் பெரும்பாலும் தானாகக் கணக்குக் காட்டுவதில்லை. யாரோ சிலர் கோர்ட் படியேறித்தான் இந்த உரிமையை வாங்கித் தந்தார்கள். வாங்கியதைப் பெட்டியில் பூட்டலாமா? வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் தேர்தல் கமிஷனில் பகிரங்கமாகவே இருக்கிறது. தாராவியானாலும் மாட்டுங்காவானாலும் செம்பூரானாலும், போன தேர்தலில் கொடுத்ததையும் இந்தத் தேர்தலில் கொடுத்ததையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பிறகு, கைகூப்பி வாசலுக்கு வருகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்:

“ஐயா, எங்கள் காகிதத்தைப் பார்த்தாகிவிட்டது. உங்கள் காகிதம் எங்கே?”